கட்டுப்பாட்டு அறைக்கு ராசியில்லாதவள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பவர்கட். வைத்தவன் ரேடியோ. அவன் ஓர் ஆபரேட்டர். வாய் மூடாமல் பேசுவதால் அவனுக்கே அப்படி ஒரு பெயர். அவள் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், "பவர்கட் வர்றாங்க, மெழுகுவத்தி எடுத்து வைங்கப்பா" என்பான். ஆறு மேசைகளும் சிரிக்கும். முதல் ஒரு வாரம் அவளும் சேர்ந்து சிரித்தாள். கூடச் சிரித்தால் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். விடவில்லை.

ஊருக்குத் தண்ணீர் விடும் நிலையத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கட்டுப்பாட்டு அறை. ஆறு மேசை, ஆறு திரை. எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்தப் பம்பு ஓடுகிறது, குடிக்கிற தண்ணீரில் குளோரின் எவ்வளவு கலக்கிறது என்பதெல்லாம் நீலக் கட்டைகளாகவும் சிவப்பு எண்களாகவும் அந்தத் திரைகளில் தெரியும். திரையைப் பார்த்துத்தான் பம்பை நிறுத்துவார்கள், ஓட்டுவார்கள். திரை அணைந்தாலும் பம்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் போல.

அவள் அங்கே ஒப்பந்தத் தொழில்நுட்பர். ஒன்பது வருடம். பாலிடெக்னிக் முடித்த கையோடு, நிலையத்துக்குப் பெரிய கம்ப்யூட்டரையும் அந்தத் தொட்டிப் படம் காட்டும் புரோகிராமையும் விற்ற கம்பெனியின் ஆளாகத்தான் முதலில் வந்தாள். இரண்டாவது வருடம் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. விற்றவர்கள் போய்விட்டார்கள், கம்ப்யூட்டர் அடித்தள அறையில் இருந்தது, நான்கு தடித்த கையேடுகள் அலமாரியில் இருந்தன, அவள் இருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு அந்த நான்கு கையேடுகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். அந்தப் படிப்புக்கு யாரும் பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

பத்தாவது வருடம் தொடங்குவதற்குள் ஒப்பந்தக்காரர்களை நிரந்தரம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. நிரந்தரம் ஆவதற்கு ஒரு தாள்தான் வேண்டும். 'பணி திருப்திகரம்' என்று கட்டுப்பாட்டு அறைக் கண்காணிப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவள் அந்த வருடம் முழுக்க நடந்தாள்.

விவகாரம் இப்படித் தொடங்கியது. மேசைகளில் இருந்த பழைய திரைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கொள்முதல் பிரிவு யாரையும் கேட்காமல் ஆறு புதுக் கம்ப்யூட்டர்களை வாங்கி இறக்கியது. அவற்றில் ஓடியது முற்றிலும் வேறோர் இயங்குதளம். அடித்தளத்துப் பழைய கம்ப்யூட்டரின் புரோகிராம் அவற்றில் ஓடாது. ஓடாது என்று தெரிந்ததும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஓட வேண்டாம் சார். படம் மட்டும் இங்க தெரிஞ்சா போதும்" என்றாள் அவள்.

அதற்கு ஒரு வழி இருந்தது. புரோகிராம் ஓடுவது கீழே; வரைவது மேலே. மேசைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் திரை சர்வர் என்று ஒன்றைப் போட்டு ஓடவிட வேண்டும். கீழிருந்து பழைய கம்ப்யூட்டர், "இங்கே ஒரு நீலக் கட்டை வரை, அங்கே ஒரு சிவப்பு எண் எழுது" என்று கேட்கும். திரை சர்வர் வரைந்து காட்டும். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிபோல அது கண்டவரையும் உள்ளே விடாது. அதனிடம் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. பட்டியலில் பழைய கம்ப்யூட்டரின் பெயரைச் சேர்த்தால்தான் படம் வரும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த அந்த சர்வரை இறக்கி, எழுத்துரு சரியில்லாமல் எண்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்ததைச் சரிசெய்து, பழைய விசைப்பலகையின் குறிகளைப் புதிய விசைப்பலகைக்கு மாற்றிப்போட்டு, மூன்று வாரத்தில் முடித்தாள். நிலையத்தின் தலைமைப் பொறியாளர் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கண்காணிப்பாளர் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். அவள் படத்தைக் காட்டினாள். அசத்தலாக வந்தது.

"எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி மொதல்லேர்ந்து காட்டுங்க. தொறக்கறதையும் சார் பாக்கட்டும்" என்றார் கண்காணிப்பாளர்.

மூடினாள். திறந்தாள். திரை கருப்பாக நின்றது. மறுபடி முயன்றாள். கருப்பு. தலைமைப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கையில ராசி இல்ல போலிருக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் அந்த வாக்கியத்தை மாடிப்படியிலேயே மறந்திருப்பார். கண்காணிப்பாளர் மறக்கவில்லை. மேலதிகாரி முன்னால் தலைகுனிந்த மனிதனுக்கு, குனிவுக்குக் காரணமாகச் சொல்ல ஒரு முகம் வேண்டும். முகம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் காலையில் திரை அணையும். கூப்பிடுவார்கள். அவள் வந்து அனுமதிப் பட்டியலில் பெயரை மறுபடி சேர்ப்பாள். படம் வரும். மறுநாள் காலை அணையும். கூப்பிடுவார்கள். அவளை அவர்கள் பார்ப்பதே திரை அணைந்திருக்கும்போதுதான். அதனால் அவளையும் இருட்டையும் சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டார்கள். நோயாளி வீட்டுக்குத்தான் டாக்டர் போவார். டாக்டர் போகிற வீட்டிலெல்லாம் நோய் இருக்கிறது, ஆகவே நோயைக் கொண்டுவருவது டாக்டர்தான் என்று யாராவது சொன்னால் அவனைப் பைத்தியம் என்போம். அதையே ஓர் ஒப்பந்தக்காரியைப் பற்றி மூன்று பொறியியல் பட்டதாரிகள் உட்கார்ந்து சொன்னால் அதற்கு அனுபவம் என்று பெயர்.

இவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. கண்காணிப்பாளர் நீரழுத்தத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர். குழாயில் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று கேட்டால் பலகை நிறையக் கணக்குப் போட்டுக் காட்டுவார். திரை ஏன் அணைகிறது என்று கேட்டால், "அந்தம்மா காலடி" என்பார். படிப்பை அவர் சட்டையைப் போலப் போட்டுக்கொண்டு வந்தார். தேவைப்பட்டபோது கழற்றியும் வைத்தார்.

ஒருநாள் உத்தரவே போட்டுவிட்டார்.

"இனிமே அவங்க உள்ள வர வேண்டாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு என்ன செய்யணும்னு சொல்லட்டும். ரேடியோ கைய வைக்கட்டும்."

"சார், நான் பாத்து அடிச்சா அரை நிமிஷம் சார்."

"அரை நிமிஷத்துல எழுப்புவீங்க. அப்புறம் மறுநாளே படுத்துடுதே. வேணாம்மா. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சில பேருக்குச் சில எடம் ஒத்துக்காது."

கோபமில்லை என்று சொல்லித்தான் எல்லாக் கதவையும் சாத்துகிறார்கள்.

அன்றிலிருந்து அவள் கண்ணாடிக்கு வெளியே நடைவழியில் நின்றாள். கதவோரம் இருந்த இன்டர்காமில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாள். உள்ளே ரேடியோ ஒற்றை விரலால் தட்டுவான்.

"அடிச்சாச்சு. வரலியே."

"நடுவுல எடம் விட்டீங்களா?"

"எடமா? எவ்வளவு எடம்? உங்களுக்கு உள்ளயே எடம் இல்ல, இதுக்கு எங்கேருந்து விடுறது?" உள்ளே சிரிப்பு.

"ஒரு எடம் போதும். அப்புறம் கூட்டல் குறி. அப்புறம் மிஷின் பேரு."

"பேரு ரொம்ப நீளமா இருக்கேக்கா. இங்க அமைப்புல ஒரு டப்பா இருக்கு, யார் வந்தாலும் விட்டுடுன்னு. அதுல டிக் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. நீங்களும் நிம்மதியா வீட்டுக்குப் போலாம்."

"அத மட்டும் தொடாதீங்க. அத போட்டா நெட்வொர்க்ல இருக்கிற எந்த மிஷின்லேர்ந்தும் உங்க திரையில என்ன வேணா வரையலாம். காலித் தொட்டிய நெறஞ்ச மாதிரி காட்டலாம். பேர அடிங்க, நான் சொல்றேன்."

ரேடியோ தப்பாக அடித்துப் படம் வராவிட்டால் பவர்கட்டின் ராசி. சரியாக அடித்துப் படம் வந்தால் ரேடியோவின் கைராசி. அவன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் எல்லோருக்கும் காட்டுவான். நடைவழியில் டீ கொண்டுபோகிறவர்கள், கணக்குப் பிரிவுப் பெண்கள், முதல் தடவை வந்த பயிற்சி மாணவர்கள் என்று எல்லோரும் அவளைச் சுற்றி நடந்து போவார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. ஒருத்தி வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறாள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்!

வீட்டில் அவள் கணவன் பஸ் ஓட்டுநர். முதலில் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். "அப்ப நம்ம வீட்டுக்குக் கரண்ட் பில்லே வரக் கூடாதே! நீ இருக்கிற வீட்ல லைட் எப்படிடீ எரியுது?" என்றான். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மட்டும் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். தேதி, திரை அணைந்த நேரம், அறையில் யார் யார், அதற்கு முன் கடைசியாக யார் என்ன செய்தார்கள் என்று நான்கு கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தாள். நான்கு மாதம் எழுதினாள். பக்கங்களை அடுத்தடுத்துப் புரட்டிப் பார்த்தபோது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. திரை எப்போதும் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறைகூட அணைந்ததில்லை. கண்காணிப்பாளர் பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் தவறாமல் வேலைக்கு வந்திருந்தாள், திரையும் தவறாமல் எரிந்தது.

எட்டு மணிக்கு என்ன நடக்கிறது? கண்காணிப்பாளர் வருகிறார். வரும்போது மேசையும் திரையும் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். முந்தைய ஷிஃப்ட்காரன் திரையில் திறந்திருக்கும் படங்களின் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு எழ வேண்டும். அடுத்தவன் அவர் கண் முன்னால் புதிதாகத் திறக்க வேண்டும். ஒழுங்காம். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதில்லை. ஆட்கள் ஜன்னல்களைத் திறந்தபடியே கைமாற்றிக்கொள்கிறார்கள்.

பழைய திரைகளும் இதே வகை சர்வரில் ஓடியவைதான்; மூன்றாவது கையேட்டின் இருநூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் ஒரே ஒரு வரியில் அது இருந்தது. கடைசி ஜன்னல் மூடப்பட்டதும் திரை சர்வர் புதிதாகப் பிறந்ததுபோல் மறுபடி தொடங்கும்; அவ்வப்போது தட்டிக் கொடுத்த அனுமதிகள் எல்லாம் மறந்துபோகும். அவ்வளவுதான். இத்தனை மாத ராசிக்கு மொத்த விலை ஒரு வரி. தொடங்கும் கட்டளையில் 'மறுபடி தொடங்காதே' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, அனுமதிப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கோப்பைத் தொட மேசைக் கம்ப்யூட்டர்களின் நிர்வாகப் பாஸ்வேர்ட் வேண்டும். அவள் வெளியே நிறுத்தப்பட்ட நாளிலிருந்து அது கண்காணிப்பாளரிடம் இருந்தது.

ஜன்னல்களை மூடுவதுதான் காரணம், சரிசெய்யப் பாஸ்வேர்ட் வேண்டும் என்று அவள் கடிதம் எழுதினாள். 'பரிசீலனையில்' என்று வந்தது. இரண்டாவது கடிதம். பரிசீலனையில். மூன்றாவதைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நிரந்தரமா எதையோ மாத்தணும்ங்கறீங்க," என்றார் கண்காணிப்பாளர், தாளைத் தொடாமல். "தினம் அணையறதாவது தினம் எரியுது. உங்க கையால நிரந்தரமா ஒண்ணு பண்ணி, அது நிரந்தரமா போச்சுன்னா?"

"சார், என் தாள்ல கையெழுத்து... இந்த மாசக் கடைசி சார்."

"பாக்கலாம். மொதல்ல ஒரு மாசம் அணையாம இருக்கட்டும்."

அணையாமல் இருக்க என்ன வேண்டுமோ அதைக் கொடுக்க மாட்டார். அணையாமல் இருந்தால் கையெழுத்துப் போடுவார். இப்படியொரு கண்ணியை வேட்டைக்காரன்கூட யோசித்துத்தான் வைப்பான். இவர் யோசிக்காமலே வைத்தார்.

அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். எட்டு மணிக்கு அணையும் என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டது. அணைந்த பிறகு அவளைத் தேடிக் கூப்பிட்டு, அவள் படியேறி வருவதற்குள் கால் மணி நேரம் போகிறது. முன்னாலேயே போய் நின்றால் ஒரு நிமிடத்தில் எழுப்பிவிடலாம். இரண்டு வாரம் அப்படிச் செய்தால் அணைந்ததே தெரியாது, தாளும் வரும். மறுநாள் ஏழு ஐம்பத்தைந்துக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

எட்டு மணிக்குக் கண்காணிப்பாளர் வந்தார். ஷிஃப்ட்காரன் ஜன்னல்களை மூடினான். அடுத்தவன் திறந்தான். ஆறு திரையும் கருப்பு. அறையே திரும்பிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்தது. அங்கே அவள், யாரும் கூப்பிடாமல், இன்டர்காம் பொத்தானில் விரலை வைத்தபடி தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

கண்காணிப்பாளர்தான் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"யாரு உன்ன வரச் சொன்னா?"

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக 'நீ'.

"சார், எட்டு மணிக்கு அணையும்னு தெரியும் சார், அதான்..."

"தெரியுமா! எப்படித் தெரியும்? இறங்கு கீழ. மொதல்ல இந்த மாடிய விட்டு இறங்கு. கட்டடத்த விட்டே வெளிய போ!"

இரண்டு காவலாளிகள் அவளை வாயில்வரை கூட்டிப்போனார்கள். மேலே ரேடியோ நினைவிலிருந்து தட்டிப்பார்த்தான். பழைய கம்ப்யூட்டரின் பெயரில் ஓர் எழுத்து அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வாயிலில் நிற்கிறவளிடம் போனில் கேட்கலாமே என்று ஒருவன் சொன்னான். "அவ குரல்கூட இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது" என்றார் கண்காணிப்பாளர். நாற்பது நிமிடம் ஆறு திரைகளும் கருப்பாக நின்றன. நாற்பது நிமிடமும் பம்புகள் ஓடின. மேட்டுத்தெருத் தொட்டி நிரம்பி, வழிந்து, சுவரோரம் இருந்த நான்கு வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் நடமாட முடியாமல் படுத்திருந்த பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். அவர் இடுப்பெலும்பு முறிந்தது தண்ணீரால் அல்ல, தூக்கியவர்கள் வழுக்கி விழுந்ததால்.

விசாரணை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர், நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள். அவள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தாள். உள்ளுக்குள் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் படித்தவர்கள் முன்னால் உட்கார்ந்து தேதிவாரியாகச் சொல்லப்போகிறாள். உண்மையைக் கோடுபோட்டுக் கட்டம் கட்டிக் காட்டினால் பார்க்காமல் எங்கே போவார்கள் என்று நம்பினாள். பகுத்தறிவு உள்ளவர்களின் மூடநம்பிக்கை அது ஒன்றுதான்.

"இதுல தேதி போட்டு எழுதியிருக்கேன் சார். கண்காணிப்பாளர் சார் பயிற்சிக்குப் போன பன்னெண்டு நாளும் வந்திருக்கேன். ஒரு நாள்கூட அணையல. ஞாயித்துக்கிழமை சார் வர மாட்டாங்க. அன்னிக்கும் அணையறதில்ல. சார் வந்து ஜன்னல் எல்லாத்தையும் மூடச் சொல்ற நாள்ல மட்டும்தான் அணையுது."

மூவரில் ஓரத்தில் இருந்த கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப ராசி இல்லாதது நீங்கதான் சார்!" என்றார் கண்காணிப்பாளரைப் பார்த்து.

அந்தச் சிரிப்பு அவளைக் கொன்றது. கண்காணிப்பாளரின் காதுமடல் சிவந்ததை அவள் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்களும்தான் வர மாட்டாங்க" என்றார் அவர் நிதானமாக. "அவங்க நோட்டுலயே இருக்கு, அவங்க அம்மா எறந்த அன்னிக்கு லீவு. அன்னிக்கு அணைஞ்சுது, இல்லேன்னு சொல்லல. லீவுல இருந்தாலும் மனசு இங்கதான இருந்திருக்கும்? அதெல்லாம் இருக்கட்டும் சார். ஒரே ஒரு கேள்வி. எட்டு மணிக்கு அணையும்னு முன்கூட்டியே வந்து நின்னது யாரு? அணையப்போறது அணைக்கிறவங்களுக்குத்தான தெரியும்?"

நடுவில் இருந்தவர் தலையாட்டினார். ராசியை நம்பாத அந்த மனிதருக்கு இப்போது நம்பக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் குற்றவாளி ஆனாள். கண்டுபிடிக்காதவர்கள் சாட்சிகள் ஆனார்கள். ரேடியோவைக் கேட்டார்கள். "நான் எழுத்து தட்டறவன் சார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றான்.

தீர்ப்பில் அணைத்ததாகச் சொல்லவில்லை, ராசி என்றும் எழுதவில்லை. 'நிர்வாக நலன் கருதி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.' கண்ணாடிக்காரருக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ஒப்படைப்பு நாளில் அவளுக்கு நிர்வாகப் பாஸ்வேர்டைக் கொடுத்து எல்லாவற்றையும் ஆவணப்படுத்தி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

கடைசி வாரத்தில் கணவனின் பஸ் இரண்டு தடவை நடுவழியில் நின்றது. பழைய வண்டி, நிற்காமலிருந்தால்தான் அதிசயம். மூன்றாம் நாள் காலை அவன் கிளம்பும்போது அவள் வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்.

"நீ உள்ள இரேன். நான் போனப்புறம் கதவ சாத்திக்க."

"ஏங்க?"

"சும்மாதான். வெயிலா இருக்கு."

வெயில் இல்லை. அவள் உள்ளே போய், அவன் போகும்வரை சமையலறையில் நின்றாள். கண்காணிப்பாளர் கதவைச் சாத்தியபோது வராத அழுகை அப்போதும் வரவில்லை. கை மட்டும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தது.

ஒப்படைப்பு நாள் ஒரு சனிக்கிழமை பிற்பகல். கண்காணிப்பாளர் விடுப்பு எடுத்துக்கொண்டார். அவள் உள்ளே இருக்கும் அறையில் அவரால் இருக்க முடியாதாம். ரேடியோ மட்டும் பணியில் இருந்தான். பாஸ்வேர்ட் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அந்த விசைப்பலகையைத் தொட்டாள்.

அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்றும் செய்யாமல், இருக்கிறதை இருக்கிறபடி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் வருவார். ஜன்னல்களை மூடுவார்கள். அணையும். அவள் இல்லாமல் அணையும். செவ்வாயும் அணையும். புதனும். ஒரு மாதம், இரண்டு மாதம், அவள் முகமோ குரலோ இல்லாமல் அணைந்துகொண்டே இருக்கும். ஊரே பார்க்கும்.

அல்லது சரிசெய்துவிட்டுப் போகலாம். சரிசெய்தால் இனி அணையவே அணையாது. அப்போது என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நீலக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு மூலையில் குளோரின் எண் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த எண் தெரியாத கால் மணி நேரத்தில் குழாயைத் திறந்து குடிக்கிறவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. கட்டிலோடு தூக்கப்பட்ட பெரியவருக்கும் தெரியாது. அவளுடைய பெயர் வெளுப்பதற்காக அவர்கள் இன்னும் எத்தனை எட்டு மணிகளைத் தாண்ட வேண்டும்?

"என்னக்கா, எழுதிட்டீங்களா?" என்றான் ரேடியோ.

அவள் தட்ட ஆரம்பித்தாள். தொடங்கும் கட்டளையில் அந்த ஒரு சொல். பட்டியல் கோப்பில் அந்த ஒரு பெயர். ஆறு மேசைக்கும். முடித்துவிட்டு முதல் மேசையில் எல்லா ஜன்னல்களையும் மூடினாள். திறந்தாள். படம் வந்தது. மூடினாள், திறந்தாள். வந்தது. பத்து தடவை. ரேடியோ மெல்ல எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தான். பத்தாவது தடவை படம் வந்தபோது அவன் முகத்தில் நிறமே இல்லை.

"அப்ப... இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மூடுறதுனாலதான் போச்சா? அவரு மூடச் சொன்னதுனால?"

"மூணு தடவ அவருக்கு எழுதிக் குடுத்தேனே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். நடைவழியில் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கும் பிள்ளைங்க இருக்குக்கா" என்றான். அவள் தலையாட்டினாள். கையேடுகள் நான்கையும் மேசையில் அடுக்கி, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

திங்கள் காலை எட்டு மணிக்குத் திரை அணையவில்லை. செவ்வாய் அணையவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. கண்காணிப்பாளர் யாரிடமும் பெருமையடிக்கவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை. ஆறு மேசைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையாகவே பயப்பட ஆரம்பித்தார்கள். அவள் நின்ற நடைவழி இடத்தில் கால் வைக்காமல் தாண்டிப் போனார்கள். பாதி சந்தேகத்தோடு இருந்த இரண்டொருவரும் முழுதாக நம்பினார்கள். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ரேடியோ அங்கேதான் உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாமல் பேசினான், இதைத் தவிர எல்லாவற்றையும்.

மூன்றாவது மாதம் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களிடமும் ஒரு பழைய கம்ப்யூட்டர், வேறு இயங்குதளத்தில் புதிய மேசைகள், படம் தெரிய வேண்டும் என்ற அதே தலைவலி. அவள் கால் மணி நேரம் பேசினாள். எதிரே இருந்த மேலாளர் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். "பிரமாதம். உங்க பழைய எடத்துல ஒரு வார்த்த கேட்டுடறேன், வெறும் சம்பிரதாயம்தான்" என்று போனை எடுத்தார்.

அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். போனில் கண்காணிப்பாளரின் குரல் தெளிவாகக் கேட்டது. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

"வேலை நல்லாத் தெரிஞ்சவங்கதான் சார். அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கேட்டதால சொல்றேன். அவங்க இருந்த கடைசி வருஷம் முழுக்க எங்க திரை அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவங்க போன நாள்லேர்ந்து ஒரு தடவகூட அணையல. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

மேலாளர் போனை வைத்தார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

"நாங்க கூப்பிடறோம்மா" என்றார்.